கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையா, கல்ச்சர் பரிசோதனையா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்தபோது, மருந்துக்கடையில் சொல்லி செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிவந்தேன். மூன்றே நாளில் எரிச்சல் அடங்கியது. மீதி மாத்திரைகள் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தன. பத்து நாளில் மறுபடியும் அதே கடுப்பு.

கடை மாத்திரையில் மிச்சமாவது நேரம் மட்டும்தான். செஃபிக்சிம், 2014 முதல் அமலில் உள்ள எச்1 அட்டவணை மருந்து. சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது.

சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்து அதற்குக் கேட்கும் என்று பார்ப்பதுதான் கல்ச்சர். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். இருந்தாலும் என் ஓட்டு கல்ச்சருக்குத்தான். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடித்து, மாத்திரை தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். அம்மாவின் ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற பாக்டீரியா, மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக ‘ஆர்’, அதாவது அந்த மருந்து கேட்காது. செஃபிக்சிமையே சிதைக்கும் ஈஎஸ்பிஎல் நொதியை அந்தக் கிருமி சுரந்துகொண்டிருந்தது. நைட்ரோஃபுரான்டோயினுக்கும் மெரோபெனம் ஊசிக்கும் ‘எஸ்’, அதாவது கேட்கும். டாக்டரம்மா நைட்ரோஃபுரான்டோயின் மாத்திரையே போதும் என்றார். ஊசிக்காக ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கவில்லை.

குளிர்காய்ச்சலோ விலாவுக்குக் கீழே வலியோ இருந்தால் மட்டும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. சாம்பிள் எடுத்த கையோடு டாக்டர் மருந்தைத் தொடங்கிவிடுவார்; ரிப்போர்ட் வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார்.