ட்ரஸ்ட்டுக்கு வீடியோ கேமரா வாங்கப் போகிறீர்களா? 4கே ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சின்ன ட்ரஸ்ட், முதியோர் இல்லம், மாலை நேர டியூஷன் சென்டர் என்று நடத்துகிறவர்கள், இனி நம் விழாவை நாமே படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கேமரா வாங்கக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் ட்ரஸ்ட் பணம் பதினெட்டாயிரம் ரூபாய் இப்படித்தான் போனது. நாலு பேர் கொடுத்த நன்கொடை என்பதால் வயிறு கூடுதலாகவே எரிகிறது.

விழாவுக்கு விழா வீடியோகிராஃபருக்குக் கொடுப்பதை மிச்சம் பிடித்தால் ஆண்டு விழா, மருத்துவ முகாம், படித்து முடித்த பிள்ளைகளின் பேட்டி எல்லாவற்றையும் நாமே எடுத்துவிடலாம் என்பது கமிட்டியின் கணக்கு. கணக்கில் தப்பில்லை. பொருளாளரும் ஒரு தன்னார்வலரும் சென்னையில் ஒரு கடைக்குப் போய், சோனி ஹேண்டிகேம் (கையடக்க வீடியோ கேமரா) வேண்டும் என்று பெயரைச் சொல்லியேதான் கேட்டார்கள். "அதெல்லாம் வெறும் ஃபுல் எச்டி சார், இப்ப யாரு வாங்குறா? இது 4கே, 48 மெகாபிக்சல். மைக், லைட், ரிமோட், 128 ஜிபி கார்டு எல்லாம் சேர்த்துத் தர்றேன். ட்ரஸ்ட்டுன்னு சொல்றீங்க, உங்ககிட்ட நான் லாபமே பாக்கல" என்றாராம் கடைக்காரர். அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் அங்கிருந்து நடையைக் கட்டிவிடுங்கள். அதற்கு மேல் உட்கார்ந்து பேசக்கூடாத இடம் அது.

பெட்டிக்குள் இருந்தது பெயர் தெரியாத ஒரு கம்பெனியின் சரக்கு. லென்ஸைச் சுற்றி 16 மடங்கு ஜூம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. ஜூம் பட்டனை அழுத்திக்கொண்டே லென்ஸை உற்றுப் பார்த்தேன், உள்ளே கண்ணாடி ஒரு இம்மி அசையவில்லை. காதை வைத்துக் கேட்டால் மோட்டார் சத்தமும் இல்லை. அதாவது லென்ஸ் நகர்ந்து நிஜமாகவே கிட்டே காட்டும் ஆப்டிகல் ஜூமே கிடையாது, இருக்கிற படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஹாலின் கடைசி வரிசையில் நின்று எடுத்ததில், மேடையில் ஆடிய பிள்ளையின் முகம் நாலு கட்டமாகத் தெரிகிறது. 4கே, அதாவது ஃபுல் எச்டியைவிட நாலு மடங்கு புள்ளிகள் உள்ள படம், என்பதும் பெயருக்குத்தான். இந்த ரகத்தில் பலவற்றில் உள்ளே வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் பிடிப்பது அதைவிடச் சின்னப் படம், அதை உள்ளேயே இழுத்து 3840க்கு 2160 என்று ஃபைலாக்கிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் அளவைப் பார்த்தால் சரியாகவே காட்டும், படத்தைப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். ஃபோகஸும் ஒரே இடத்தில் நிலையாக இருப்பது, ஆள் கிட்டே வந்தால் மங்கல், தூரப் போனாலும் மங்கல்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கார்டுதான் உச்சம். விழாவின் முதல் பகுதி பதிவாகியிருந்தது, பரிசளிப்பு தொடங்கியதற்குப் பிறகு ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, கார்டு முழுவதும் எழுதிப் பார்த்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்பப் படித்துச் சரிபார்க்கும். போட்டுப் பார்த்தால் 128 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும் அந்தக் கார்டில் உண்மையில் இருப்பது 8 ஜிபிகூட முழுசாக இல்லை. கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் என்ற சிப்பில் பொய்யான அளவை எழுதிவிடுவார்கள், கேமராவும் அதை நம்பி, இடமே இல்லாத இடத்தில் எழுதிக்கொண்டே போகும். எந்த எச்சரிக்கையும் வராது, சிவப்பு விளக்கு பாட்டுக்குக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். இலவசமாக வரும் கார்டைச் சோதிக்காமல் விழாவுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற போர்டைக் கையால் காட்டிவிட்டு, கடைக்காரர் அடுத்த வலையை விரித்தார். மேலே ஒரு பன்னிரண்டாயிரம் போட்டால் 'ஃபாரின் பீஸ்' ஒன்று தருகிறாராம். நல்ல கம்பெனிதான், ஆனால் மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து, பெட்டியில் எம்ஆர்பி இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, வாரண்டி கேட்டால் "நான் இருக்கேன் சார்" என்கிறார். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, புகாருக்கான தொடர்பு விவரம் எல்லாம் பெட்டிமேல் இருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த மாதிரி பீஸ் விநாடிக்கு 60 படம் என்ற கணக்கில் பிடிக்கும், நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து ட்யூப்லைட், மலிவான எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/100 விநாடி என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் ஜப்பானிய மெனுவில் அதை எங்கே போய்த் தேடுவது?

பில் விஷயம் தனிக் கூத்து. ஜிஎஸ்டி ஏறிவிடும் என்று சொல்லி 'எஸ்டிமேட்' என்று போட்ட துண்டுச் சீட்டைத்தான் கொடுத்திருக்கிறார். ஜிபேயில் பணம் போனது கடைப் பெயருக்கு அல்ல, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு. ஆடிட்டர் துண்டுச் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேஜைமேல் வைத்தார். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொடுத்தால் அதை ட்ரஸ்ட்டின் நோக்கத்துக்குச் செலவழித்ததாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது, 2018 நிதிச் சட்டத்தில் வந்த மாற்றம் அது.

வேறு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: பெயருள்ள கம்பெனியின் ஃபுல் எச்டி ஹேண்டிகேம், பழையதாக இருந்தாலும், இந்தப் போலி 4கேயைவிட எவ்வளவோ மேல். சோனி சிஎக்ஸ்405இல் 30 மடங்கு நிஜமான ஆப்டிகல் ஜூம் உண்டு, ஆனால் வெளி மைக் செருக வழி இல்லை. நிகழ்ச்சிப் படத்துக்கு ஆடியோதான் உயிர். கேனான் லெக்ரியா ஆர்806, பானசோனிக் வி785 மாதிரி மைக் ஜாக் உள்ளதாகத் தேடுங்கள். சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸரிலிருந்து நேராக ஒயர் இழுத்து மைக் ஜாக்கில் செருகிவிடாதீர்கள், மிக்ஸரிலிருந்து வரும் சிக்னல் (லைன் லெவல்) மைக் ஜாக் தாங்குவதைவிட அதிகம், எல்லாம் கரகரவென்று கிழியும். அளவைக் குறைக்கும் கேபிள் வேண்டும், இல்லையென்றால் தனி ரெக்கார்டரில் பதிந்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

யாராவது டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றிக்கொள்ளும் ஃபோட்டோ கேமரா) வாங்கச் சொன்னால், தொடர்ந்து எவ்வளவு நேரம் பதிவாகும் என்று முதலில் கேளுங்கள். நிறைய மாடல்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவு செய்தால் ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று கூடுதல் வரி போட்டார்கள், அதற்காக வைத்த வரம்பு. நம் ஊர் சிறப்பு விருந்தினர் அரை மணியில் பேச்சை முடித்ததாகச் சரித்திரம் உண்டா?

இப்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு போடவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு, போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஒரே இடறல், ட்ரஸ்ட் 'நுகர்வோர்' ஆகுமா என்பது. பழைய 1986 சட்டத்தில் ஆகாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதிய சட்டத்தில் 'நபர்' என்பதன் வரையறை விரிந்திருப்பதால் வாதாடலாம் என்கிறார் எங்கள் வக்கீல். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள். இதே மாதிரி சரக்கு உங்களிடமும் இருந்தால் பெட்டியையும் அந்த எஸ்டிமேட் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.