புது ஹார்ட் டிஸ்க் என்று சொல்லி சிசிடிவி டிஸ்க்கைத் தலையில் கட்டினார்கள்: மலையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் யாராவது சமீபத்தில் கோயம்புத்தூரில் 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கியிருக்கிறீர்களா? கறுப்பு அலுமினிய கேஸிங், அதன் மேல் “திறந்தால் வாரண்டி இல்லை” என்று சின்ன ஸ்டிக்கர், விலை மற்ற கடைகளைவிட ஆயிரத்துச் சொச்சம் குறைவு. அப்படியானால் அதில் இருக்கும் செஷன்களை இன்றைக்கே வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

நான் குன்னூரில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். படுகர் பாட்டு ஆல்பங்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் சர்ச் கொயர், நடுநடுவே கல்யாண வீடியோக்களுக்கு இசை. படுகர்களின் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு முன்னால் வேலை குவியும். அந்த நேரத்துக்காகத்தான் இடம் தேவைப்பட்டது. கடைக்காரரிடம் கேட்டது மூன்றே விஷயம்: புதியதாக இருக்க வேண்டும், 7200 ஆர்பிஎம் (தட்டு நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஆக இருக்க வேண்டும், வாரண்டி வேண்டும். “சீல் போட்ட பீஸுங்ணா, மூணு வருஷம் வாரண்டி, ஏதாவதுன்னா நம்ம கடைலயே மாத்திக்கலாம்” என்றார். பில்லும் கொடுத்தார். கேஸிங்கை மாட்டிப் பார்த்தபோது கொள்ளளவு சரியாகவே காட்டியது. (விண்டோஸில் 4 டிபி டிஸ்க் 3.63 என்றுதான் காட்டும். அது ஏமாற்று இல்லை, கணக்குப் போடும் முறை வேறு. இதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.)

டிஸ்க் தன் ஆரோக்கியத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளையும் ஓட்டினேன். எதுவும் காட்டவில்லை. யுஎஸ்பி கேஸிங்குக்குள் இருக்கும் சில சிப்கள் டிஸ்க்கின் ஸ்மார்ட் தகவலைக் கணினிக்குக் கடத்துவதில்லை. மலிவு கேஸிங்குகளில் இது சகஜம். நல்ல டிஸ்க்கிலும் நடக்கும் என்பதால் அதை வைத்து யாரையும் சந்தேகப்பட முடியாது. கேஸிங்கில் போட்டு விற்பதில் விற்பவருக்கு இருக்கும் வசதியே இதுதான் என்பது பிறகுதான் புரிந்தது.

சில வாரங்கள் ஓடியது. அப்புறம் ஒரு ஆல்பத்தின் மிக்ஸிங் நடுவே ரீப்பர் (நான் பாட்டு எடிட் செய்யும் மென்பொருள்) நின்று நின்று ஓட ஆரம்பித்தது. ஒரு குறிப்பிட்ட பாட்டில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும், சில நொடி கழித்துத் தொடரும். பஃபரைக் கூட்டினேன், ப்ளகின்களை எடுத்தேன், பயனில்லை. குன்னூரில் ஃபேன் போடும் பழக்கமில்லாததால் அறை நிசப்தமாக இருக்கும். அந்த நிசப்தத்தில் கேஸிங்குக்குள் ‘டிக்… டிக்’ என்று தெளிவாகக் கேட்டது. டிஸ்க் ஒரு செக்டரை, அதாவது தகவல் எழுதப்படும் சின்னக் கட்டத்தை, படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது இப்படித்தான் பாட்டு நிற்கும். சாதாரண ஃபைல் காப்பியில் அது தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான். நேரத்தோடு ஓடும் ஆடியோவில் உடனே மாட்டிக்கொள்ளும்.

ஸ்டிக்கரைக் கிழித்து, டிஸ்க்கை வெளியே எடுத்து, டெஸ்க்டாப்பில் நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டினேன். இப்போது எல்லாம் தெரிந்தது. சிசிடிவி ரெக்கார்டர்களுக்கென்று தயாரிக்கப்படும் வரிசையைச் சேர்ந்த மாடல். வேகம் 5400. பவர் ஆன் ஹவர்ஸ் 26,000 மணிக்கு மேல். ஒரு வருடத்துக்கு 8,760 மணி என்று வைத்தால் ஏறக்குறைய மூன்று வருடம் இடைவிடாத ஓட்டம். ஆனால் எத்தனை முறை ஆன் செய்யப்பட்டது என்ற எண் நூறுகூட இல்லை. வீட்டுக் கணினியில் இருந்த டிஸ்க் என்றால் ஒவ்வொரு நாளும் ஆன், ஆஃப் ஆகியிருக்கும். மணி அதிகம், ஆன் செய்த எண்ணிக்கை குறைவு என்றால் நாள் முழுக்க அணையாத பெட்டியில் இருந்தது என்று அர்த்தம். 05, சி5 என்ற இரண்டு வரிகளும் மஞ்சளில் இருந்தன. முதலாவது, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருப்பவை. புது டிஸ்க்கில் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

டேட்டா மீட்கும் இடத்துக்குக் கொண்டுபோனபோது கிடைத்ததுதான் வேடிக்கை. அங்கே இருந்தவர் ஸ்கேன் செய்ததில் என் பாட்டு ஃபைல்களோடு ஏதோ ஒரு கடையின் கல்லாப் பெட்டியை மேலிருந்து பிடித்த வீடியோத் துண்டுகளும் வந்தன. “இது உங்க கடையாண்ணா?” என்று கேட்டார். என்ன சொல்வது! அவர் கேட்ட தொகைக்கு இரண்டு புது டிஸ்க் வாங்கலாம். பாடியதை முதலில் பதிவு செய்த ஃபைல்கள் லேப்டாப்பில் இருந்ததால் மீட்கும் வேலையைக் கொடுக்கவில்லை. இரண்டு பாட்டின் எடிட்டிங் முழுக்கப் போனது. ஒரு பாடகி கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) மறுபடி வந்து சில வரிகளைப் பாடிக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். எனக்கு அதுதான் கூடுதல் சங்கடம்.

கடைக்காரர் சொன்ன பதிலை நம் ஊர்க்காரர்கள் அவசியம் கேட்க வேண்டும். “உங்க ஊர் குளிர்லயும் ஈரத்துலயும் வெச்சா எந்த டிஸ்க்கும் தாங்காதுங்ணா. மலை மேல காத்தும் கம்மி.” பாதி உண்மையை எடுத்து முழுப் பொய் செய்வதில் கைதேர்ந்தவர். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் ஹெட், சுழலும் தட்டின் மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது, உண்மை. காற்று மிகவும் குறைந்தால் ஹெட் தாழ்ந்துவிடும், அதுவும் உண்மை. ஆனால் கம்பெனிகளின் விவரத்தாளைப் பார்த்தால் வழக்கமாக 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி வரை ஓட்டலாம் என்று போட்டிருக்கும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அங்கே ஸ்டுடியோ கட்டினாலும் டிஸ்க் ஓடும்.

ஈரம் என்பதில் மட்டும் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காற்றில் ஈரம் இருப்பதைவிட டிஸ்க்கின் மேல் நீர் கோப்பதுதான் ஆபத்து. டிசம்பர் காலையில் ஊட்டியிலிருந்து பையில் போட்டு பைக்கில் எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி, ஜில்லென்று இருக்கும் டிஸ்க்கை அந்தப் புழுக்கத்தில் உடனே ஆன் செய்யாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் பையிலேயே கிடக்கட்டும். வீட்டில் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போய்ப் போய் வரும்போது யுபிஎஸ் இல்லாமல் பெரிய டிஸ்க்கை ஓட்ட வேண்டாம். மலையால் டிஸ்க்குக்கு வரும் தொந்தரவு இவ்வளவுதான். 26,000 மணி நேரத்தைக் குன்னூர்ப் பனி ஏற்றிவிடாது.

அப்புறம் கடைக்காரர், “வேற பீஸ் தரேன்” என்றார். அதே கேஸிங், அதே ஸ்டிக்கர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம், வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பாக்கெட் பொருளுக்கு அது சட்டம். வெறும் பழுப்பு அட்டைப் பெட்டி என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சீரியல் நம்பரைக் கம்பெனி வலைத்தளத்தில் போட்டால் வாரண்டி எது வரை என்று சொல்லும். எனக்கு வந்த பதில், முழு இயந்திரத்தோடு சேர்த்து விற்கப்பட்டது, தனி வாரண்டி கிடையாது என்பது. கடைக்காரர் சொன்ன மூன்று வருடம் அவர் வாயில் மட்டும்தான் இருந்தது. பில்லில் அந்த சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். “ஹார்ட் டிஸ்க் 1” என்று மட்டும் எழுதினால் நாளைக்கு “இது நான் கொடுத்த டிஸ்க்கே இல்லை” என்று சொல்ல வசதியாகப் போய்விடும். கேஸிங் வேண்டுமென்றால் டிஸ்க்கைத் தனியாக, கேஸிங்கைத் தனியாக வாங்கி நீங்களே மாட்டுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேலை.

ஸ்மார்ட் எண்ணையும் முழுதாக நம்பிவிட முடியாது என்பதுதான் கொடுமை. பழைய வண்டியில் கிலோமீட்டரைக் குறைப்பது போல இதிலும் செய்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இது பெரிதாக வெளிவந்தது. புதிது என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி ஓடியவை. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓட்டப்பட்டவையாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. ஸ்மார்ட் எண்ணைப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். சீகேட் டிஸ்க்குகளில் ‘ஃபார்ம்’ என்ற வேறொரு பதிவு உண்டு. அதில் உண்மை மணி அப்படியே நின்றதால் பிடிபட்டார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் புதிய பதிப்பில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சீகேட் வாங்கினால் செய்துவிடுங்கள்.

கூடலூர் நண்பர் ஒருவர் மாட்டியது வேறு ரகம். ஆன்லைனில் தீப்பெட்டி அளவு ‘2 டிபி எஸ்எஸ்டி’ (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்), கூசாமல் சொன்ன சல்லிசு விலை. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு. 2 டிபி என்று பொய் சொல்ல அதன் உள் மென்பொருளை (ஃபர்ம்வேர்) மாற்றியிருப்பார்கள். இடம் தீர்ந்ததும் பழைய ஃபைல்களின் மேலேயே எழுதிக்கொண்டு போகும், பிழை எதுவும் காட்டாது. இதைச் சோதிக்க விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3, இரண்டுமே இலவச மென்பொருள். டிஸ்க் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய டிஸ்க்குக்கு ஒரு ராத்திரி பிடிக்கும், பிடிக்கட்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும். கீழே போய்வருவது பாதி நாள் வேலை என்று நாம் தள்ளிப்போடுவோம் என்பது விற்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

7200 ஆர்பிஎம் என்று நான் கேட்டேன் இல்லையா, அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையே இல்லை என்பது இப்போது என் கருத்து. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி. முப்பது டிராக் ஒரே நேரத்தில் ஓடினாலும் நொடிக்கு நாலரை எம்பிக்குள்தான். எந்த ஆரோக்கியமான டிஸ்க்கும் அதைப் போல இருபது மடங்கு அனாயாசமாகக் கொடுக்கும். ஐந்து நிமிடப் பாட்டு முப்பது டிராக் என்றால் 1.3 ஜிபி. இடமும் பெரிதாக வேண்டாம். திணறுவது சாம்பிள் லைப்ரரிகளில்தான், அதாவது வாத்தியங்களின் ஒலியை முன்பே பதிவு செய்து வைத்திருக்கும் தொகுப்புகளில். கீபோர்டில் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரு கார்ட் (chord) வாசித்தால் நூறு சின்னச் சின்ன ஃபைல்களை ஒரே நொடியில் அங்கும் இங்கும் தேட வேண்டும், ஹெட் நகரும் டிஸ்க்கால் அது முடியாது. அதனால் லைப்ரரிகளுக்கும் நடப்பு வேலைக்கும் தெரிந்த கம்பெனியின் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று போதும். முடிந்த ஆல்பங்களுக்கு மட்டும் மலிவான ஹார்ட் டிஸ்க், அதுவும் இரண்டு, ஒன்று வேறு வீட்டில். அறைக்குள் ஹார்ட் டிஸ்க் ஓடாததில் இன்னொரு லாபம், கண்டென்சர் மைக்கில் அந்த ‘ம்ம்ம்’ சத்தம் ஏறாது.

கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை, தகவல் வரிசைகளை ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி எழுதுபவை. பெரிய ஃபோல்டரைத் தொடர்ந்து எழுதினால் பாதியில் ஆமை வேகத்துக்கு வந்துவிடும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் சில மாடல்கள் சொல்லாமல் இப்படி விற்கப்பட்டது வெளியாகிப் பெரிய சத்தமானது. பேக்கப்புக்குப் பரவாயில்லை. நேரடியாக ரெக்கார்ட் செய்ய வேண்டாம்.

புகார் விஷயம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன். கடைக்காரர் கொஞ்சம் இறங்கிவந்தார், ஆனால் “கேஸிங்கைத் திறந்துட்டீங்க” என்று பிடித்துக்கொண்டார். அடுத்தது நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருடச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். “நீங்க தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோரே இல்லை” என்று ஒரு வாதம் வரும். எனக்கும் வந்தது. சொந்தமாக உழைத்துப் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியது என்றால் அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தால் முக்கால் பணம் தருகிறேன் என்று போன வாரம் கடைக்காரர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அதில் பாடகர்களின் வெளிவராத பாட்டு இருக்கிறது, கெட்ட செக்டர்களோடு முழுதாக அழிக்கவும் முடியாது. தவிர, அதுதான் சாட்சி. கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.