கடைவாய்ப் பல்லுக்கு எந்த அடைப்பு? கம்போசிட், கிளாஸ் அயனோமர், அமால்கம்

கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது, அடைக்க வேண்டும் என்று பல் மருத்துவர் சொன்னதும் பினாங்கில் பெரும்பாலோர் திருப்பிக் கேட்பது, “வெள்ளையாக அடைக்க முடியுமா டாக்டர்?” என்பதுதான். முடியும் என்ற பதிலும் உடனே கிடைத்துவிடும். ஆனால் பல்லின் நிறத்தில் அமையும் அடைப்புகளில் இன்று அதிகம் போடப்படுபவை இரண்டு: ஒன்று கம்போசிட் எனப்படும் பிசின் அடைப்பு, மற்றொன்று கிளாஸ் அயனோமர். கண்ணாடியில் வாயைத் திறந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். விலையிலும் உறுதியிலும் அவை ஒன்றல்ல. இவ்விரண்டோடு, சாம்பல் நிற உலோக அடைப்பான பழைய அமால்கத்தையும் சேர்த்து எடைபோட்டுப் பார்த்துவிட்டு, என் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குக் கம்போசிட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

அமால்கத்தைப் பற்றி நீட்டி எழுத அதிகமில்லை. மலாயாவில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கும் தாதியருக்கான பயிற்சி 1949இல் பினாங்கில்தான் தொடங்கியது. அந்தச் சேவையில் வளர்ந்த தலைமுறையின் கடைவாயில் சாம்பல் நிற அடைப்புகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அமால்கத்தின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். எச்சில் பட்டாலும் பெரிதாகக் கெடாது, ஆண்டுக்கணக்கில் தாங்கும். கடைவாய்ப் பற்களில் கம்போசிட்டைவிட அமால்கம் தோற்பது குறைவு என்றே 2014இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. ஆனால் அது பல்லோடு ஒட்டாது. நழுவாமல் பிடித்து நிற்பதற்காக நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அதன் பயன்பாட்டைச் சில விதிவிலக்குகளுடன் நிறுத்திவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதைத் தவிர்ப்பது நல்லது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் அறிவுறுத்தியது. அதற்காக, வாயில் நன்றாக இருக்கும் பழைய அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்ல வேண்டியதில்லை. தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிப்படும்.

கிளாஸ் அயனோமர் 1970களின் தொடக்கத்தில் லண்டனில் உருவாக்கப்பட்டது. பல்லோடு தானாகவே வேதியியல் முறையில் ஒட்டிக்கொள்வதும், சிறிது சிறிதாக ஃபுளோரைடை வெளியிடுவதும் அதன் சிறப்புகள். ஓரளவு ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும். பால்பற்களுக்கும், அழுத்தித் தேய்த்துத் தேய்ந்துபோன ஈறோரங்களுக்கும், நெடுநேரம் வாயைத் திறந்துவைக்க முடியாத முதியவர்களுக்கும் அது பொருத்தமானது. முறுக்கும் கச்சானும் கடிபடும் பரப்பில் வைத்தால் சீக்கிரம் தேயும், உடையவும் கூடும் என்பதே பொதுவான கருத்து. எனக்கு அது ஈறோரத்தில் மட்டுமே போடப்பட்டிருக்கிறது. அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை.

கம்போசிட்டின் நிறை குறைகளில் அழகு எல்லாருக்கும் தெரிந்தது. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது அழகல்ல, ஈரம். மருத்துவர் முதலில் குடைந்த இடத்தில் ஒரு நீல நிறக் களிம்பைத் தடவுவார். அது பாஸ்பாரிக் அமிலம், நாக்கில் பட்டுவிட்டால் புளிப்பும் கசப்புமாக இருக்கும். அமிலம் பல்லின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்க, அதைக் கழுவி உலர்த்தியபின் பூசப்படும் ஒட்டுத் திரவம் அத்துளைகளுக்குள் இறங்கி இறுகுகிறது. அடைப்பு முழுவதும் அந்தப் பிடியை நம்பித்தான் நிற்கிறது. இந்த இடைவெளியில் ஒரு துளி எச்சிலோ, ஈறிலிருந்து கசியும் இரத்தமோ பட்டுவிட்டால், ஈரச் சுவரில் அடித்த சாயம்போலத்தான்: அன்றைக்குப் பளபளப்பாகவே இருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது. விளிம்பில் மயிரிழை அளவு இடைவெளி விழுந்து, அதன் வழியே கிருமிகள் இறங்கி, அடைப்புக்கு அடியிலேயே மீண்டும் சொத்தை தொடங்கும். கம்போசிட் தோற்பதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த இரண்டாம் சொத்தை.

அதோடு, கம்போசிட்டை ஒரே உருண்டையாக வைத்து மூடிவிட முடியாது. இறுகும்போது அது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்குவதாலும், அதை இறுகவைக்கும் நீல ஒளி ஆழமாக இறங்காது என்பதாலும், வழக்கமான வகைகளை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே ஒளிகாட்டி இறுக்க வேண்டும். அத்தனை நேரமும் பல் உலர்ந்தே இருக்க வேண்டும். இதற்குச் சிறந்த வழி ரப்பர் டேம்: மெல்லிய ரப்பர் தாளில் துளையிட்டு, ஓர் உலோகக் கவ்வியால் பல்லைச் சுற்றி இறுக்கி, அந்தப் பல்லை மட்டும் வெளியே நிறுத்துவது. கவ்வி ஈறை அழுத்துவது அவ்வளவு சுகமாக இராது. ஆனாலும் நாக்குக்கும் எச்சிலுக்கும் அங்கே இடமில்லை. பஞ்சுருளையும் உறிஞ்சுகுழாயும் வைத்தே திறமையாகச் செய்கிறவர்களும் உண்டு என்றாலும், நான் கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கும்முன் கேட்ட கேள்வி, “ரப்பர் டேம் போட்டுச் செய்வீர்களா?” என்பதுதான். சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, பல் வாயின் கடைக்கோடியில் இருந்தாலோ, உலர்வாக வைத்திருக்க முடியுமா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது. முடியாது என்று அவர் சொன்னால், அந்தப் பல்லுக்குக் கம்போசிட் வேண்டாம் என்பேன்.

உலர்வாக வைக்க முடிந்தால், கம்போசிட்டுக்கு ஈடு வேறில்லை. சொத்தையை மட்டும் எடுத்தால் போதும், நல்ல பல் மிஞ்சும். பின்னாளில் ஓரம் சிதைந்தாலும் முழுவதையும் பெயர்க்காமல், அந்த இடத்தை மட்டும் சொரசொரப்பாக்கிப் புதிதாக ஒட்டலாம். ஒவ்வொரு முறை அடைப்பை மாற்றும்போதும் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும் என்பதால், இந்தப் பழுதுபார்க்கும் வசதி சிறியதல்ல. என்னுடையது போட்டுச் சில ஆண்டுகளே ஆகின்றன என்பதால், பத்து, பதினைந்து ஆண்டு உழைக்கும் என்று என் வாயைச் சாட்சியாகக் காட்ட முடியாது.

செலவு வேறுபடும். அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்கில் சில ரிங்கிட்டோடு முடியும், ஆனால் காத்திருக்க வேண்டும். தனியாரிடம் கடைவாய்ப் பல்லுக்கு நூறு ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம், ஓட்டை பல பக்கங்களில் இருந்தால் இன்னும் கூடும். பல்லின் சுவர்களே இடிந்திருந்தால் எந்த அடைப்பும் போதாது, அங்கே பல்லை முழுவதுமாக மூடும் மேலுறைதான் (கிரவுன்) தேவைப்படும்.

அடைத்தபின் குளிர்ந்த தண்ணீரில் சில நாள் கூச்சம் இருப்பது வழக்கம். பால் சேர்க்காத கோப்பி ஓ நாள்தோறும் குடிப்பவர்களுக்கு விளிம்பில் கறை படியலாம், மெருகேற்றினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு இடிப்பதுபோல் இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஊசி மரப்பில் இருந்த வாய், அடைப்பின் உயரத்தைப் பார்க்க நிறத்தாளைக் கடிக்கச் சொன்னபோது சரியாகக் கடித்திருக்காது; திரும்பிப் போனால் உயரத்தைச் சற்றே தேய்த்துவிடுவார்கள், அதற்கு ஊசியும் தேவைப்படாது.