டாட் ஆப், டாட் வெப்: ஒரே வருஷம் கேட்டாங்க, ஒண்ணு கடைக்கு வந்துச்சு, ஒண்ணு வழக்குல மாட்டுச்சு

டாட் காம் மாதிரி, வெப்சைட் பேரோட கடைசியில வர்ற எக்ஸ்டென்ஷன் புதுசா ஒண்ணு வேணும்னா காசு கட்டினா குடுத்துருவாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லவே இல்ல. டாட் ஆப்பையும் டாட் வெப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, புரிஞ்சுரும்.

ரெண்டுமே, இந்த இணையப் பேர்களை நிர்வாகம் பண்ற அமைப்பான ஐகேன் 2012-ல தொறந்த விண்ணப்ப ரவுண்டுல வந்ததுதான். மொத்தம் 1,930 விண்ணப்பம், ஒண்ணுக்கு 1,85,000 டாலர் ஃபீஸ். கையில காசு இருக்கா, சர்வர் நடத்தத் தெரியுமா, பேரு வேற எதோடயாவது குழம்புமா, யாராவது ஆட்சேபிக்கிறாங்களான்னு எல்லாம் பாப்பாங்க. இதுல பாஸ் ஆனாலும் அதே பேரை இன்னொருத்தரும் கேட்டிருந்தா நின்னுற வேண்டியதுதான். டாட் ஆப்புக்கு 13 பேர் போட்டி, டாட் வெப்புக்கு 7 பேர். தங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம், முடியலன்னா கடைசியா ஐகேன் ஏலம்.

டாட் ஆப் 2015 பிப்ரவரி ஏலத்துல கூகுளுக்குப் போச்சு, 2 கோடியே 50 லட்சத்து ஆயிரம் டாலர். அந்த வருஷமே ரூட்ல, அதாவது எல்லா எக்ஸ்டென்ஷனும் இருக்கற தலைமைப் பட்டியல்ல, ஏறிடுச்சு, ஆனா விற்பனைக்கு வந்தது 2018-லதான், அந்த மூணு வருஷம் சும்மா வெச்சிருந்தது எனக்குப் பிடிக்கல. வந்த விதம் மட்டும் ஒழுங்கா இருந்துச்சு: முதல்ல ட்ரேட்மார்க் வெச்சிருக்கவங்களுக்கு சன்ரைஸ், அப்புறம் மே 1-லருந்து ஒரு வாரம் எர்லி ஆக்சஸ், முதல் நாள் எக்ஸ்ட்ரா ஃபீஸ் எக்கச்சக்கம், அப்புறம் நாளுக்கு நாள் எறங்கும், மே 8-லருந்து சாதா விலைக்கு யார் வேணா வாங்கலாம். இன்னொண்ணு, டாட் ஆப் முழுசும் பிரவுசருக்குள்ளயே எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டுப் போட்ட பாதுகாப்பான இணைப்பு, கட்டாயம்னு பதிஞ்சிருக்கு. பேரை வாங்கி அதுக்கு வேண்டிய எஸ்எஸ்எல் சான்றிதழ் போடாம விட்டீங்கன்னா பக்கமே தொறக்காது. வாசகனுக்கு இது பெரிய பாதுகாப்புன்னு நான் நினைக்கிறேன்.

டாட் வெப் கதையே வேற. 2016 ஜூலையில நு டாட் கோ-ங்கற கம்பெனி 13.5 கோடி டாலருக்கு எடுத்துச்சு, டாட் ஆப்ப விட அஞ்சு மடங்குக்கு மேல. நாலஞ்சு நாள்ல வெரிசைன் வந்து அந்தப் பணம் எங்களோடதுன்னு சொல்லுச்சு. டாட் காமையே நடத்துற கம்பெனி அது! ஏலத்துல ரெண்டாவதா வந்த அஃபிலியாஸ் கம்பெனி சும்மா விடுமா, 2018-ல ஐகேன் மேல முறையீட்டுக்குப் போனாங்க. இப்படி இன்னொருத்தர் பணத்துல ஏலம் எடுத்தது சரியான்னு ஐகேன் போர்டே முடிவு பண்ணியிருக்கணும்னு நடுவர் குழு 2021-ல சொல்லுச்சு, நு டாட் கோ செஞ்சது தப்பில்லன்னு 2023-ல போர்டு முடிவு பண்ண, உடனே மறுபடி ஒரு முறையீடு. அப்பவே ஏலம் முடிஞ்சு ஏழு வருஷம் ஆயிருந்துச்சு, ஒரு சைட் கூட வந்திருக்கல.

யாரோட பணம்னு முதல்லயே வெளியில தெரிஞ்சிருந்தா இவ்வளவு இழுபறி வந்திருக்காதுங்கறது என் கருத்து. 2026 ரவுண்டுல ஃபீஸ் 2,27,000 டாலர், ஐகேனுக்கு வெளியில தனியா ஏலம் போட்டு காசு பிரிச்சுக்கறதுக்குத் தடை. கேட்ட பேருக்குப் போட்டி வந்தா மாத்துப் பேருக்கு மாறிக்கவும் வழி இருக்கு, ஆனா அந்தப் பேரை விண்ணப்பத்துலயே எழுதியிருக்கணும். அதனால ரெண்டாவது பேரையும் முதல் பேர் மாதிரியே உக்காந்து யோசிச்சு எழுதுங்க.