உடைந்த டேப்பை (மரை வெட்டும் கருவியை) எடுத்துவிட்டதாகச் சொல்லி ஓட்டைக்குள் பசையை அடைத்துக் கொடுத்தார்கள்: சிறு பட்டறை வைத்திருப்போர் கவனத்திற்கு

கோவை கணபதியில் இரண்டு டிரில்லிங் இயந்திரங்களையும் ஒரு மில்லிங் இயந்திரத்தையும் வைத்து ஜாப் ஒர்க் செய்து வருகிறேன். அண்மையில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். அதே நபர் இன்னும் எங்கள் பகுதிப் பட்டறைகளில் வேலை கேட்டுச் சுற்றிக்கொண்டிருப்பதால், இதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

நூற்பாலை இயந்திரத்துக்கான வார்ப்பிரும்பு கியர்பாக்ஸ் உறை ஒன்று என்னிடம் வந்திருந்தது. அதில் பன்னிரண்டு இடங்களில் 22 மி.மீ. ஆழத்துக்கு எம் 8 மரை (8 மி.மீ. போல்ட்டுக்கான திருகு வரி) போட வேண்டும். எல்லாமே அடிப்பக்கம் மூடிய ஓட்டைகள். 6.8 மி.மீ. டிரில்லில் துளைத்து, பத்து ஓட்டைகளை முடித்து, பதினோராவதில் டேப் உடைந்தது. முந்தைய வேலையிலேயே மழுங்கியிருந்த டேப்பை மாற்றாமல் விட்டதும், அடியில் சேர்ந்திருந்த வார்ப்புத் தூளை ஊதி எடுக்காததும் எங்கள் பக்கத்துத் தவறு, அதை மறைக்கவில்லை. உடைந்த துண்டு மேற்பரப்பிலிருந்து சுமார் 5 மி.மீ. கீழே நின்றது. பிளையரால் பிடிக்க வழியில்லை.

இத்தகைய வேலையைச் செய்து தருவதாக ஒருவர் முன்பே துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ‘ஸ்பார்க் முறையில் உடைந்த டேப், டிரில், ஸ்டட் அகற்றப்படும், மரைக்குச் சேதம் இல்லை’ என்று அதில் இருந்தது. ஸ்பார்க் முறை என்பது உலோகத்தை மின்பொறியால் அரித்து எடுப்பது. தொலைபேசியில் கேட்டபோது இயந்திரத்தை நேரில் கொண்டு வருவதாகச் சொன்னார். வந்தபோது கையில் இருந்தவை ஒரு கை டிரில்லும் ஒரு டை கிரைண்டரும் ஈசி அவுட் செட் ஒன்றும் மட்டுமே. ஸ்பார்க் இயந்திரம் எங்கே என்று கேட்டதற்கு, “முதல்ல இதுல பாத்துக்கலாங்ணா, வரலைன்னா நம்ம பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி ஸ்பார்க் போட்டுத் தந்தர்றேனுங்க” என்றார். அந்த இடத்திலேயே அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஈசி அவுட் என்பது தலை போன ஸ்குருவையும், உடைந்த போல்ட்டையும் எடுப்பதற்கான கருவி. போல்ட்டின் நடுவில் ஓர் ஓட்டை துளைத்து, இடப்புறமாக முறுக்கு விழுந்த கூம்பு வடிவக் கம்பியை அதில் செலுத்தி இடப்பக்கம் திருப்பினால், அது உலோகத்தைக் கவ்விக்கொண்டு போல்ட்டையும் சேர்த்துச் சுழற்றும். இதற்கெல்லாம் முதல் தேவை, நடுவில் ஓட்டை போட முடிய வேண்டும் என்பது. 12.9 தர ஆலன் ஸ்குருகூட ராக்வெல் சி என்னும் உலோகக் கடின அளவில் 39 முதல் 44 வரைதான் கடினம் கொண்டது. நல்ல கோபால்ட் டிரில் அதை வெட்டிவிடும். ஆனால் ஹைஸ்பீடு ஸ்டீலில் செய்த டேப்பின் கடினம் 60க்கு மேல் இருக்கும். டிரில்லும் அதே எஃகு, டேப்பும் அதே எஃகு என்னும்போது ஒன்று மற்றொன்றை எப்படித் துளைக்கும்? டேப்பை எடுப்பதற்கென்று இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் வேறு வகை. அதில் மெல்லிய எஃகு விரல்கள் இருக்கும். அவை டேப்பின் ஃப்ளூட்டுகளுக்குள், அதாவது பக்கவாட்டில் ஓடும் பள்ளங்களுக்குள், இறங்கும். மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து வெளியே கொண்டுவர வேண்டும். துண்டு சிதறாமல், அதிகம் இறுகாமல் இருந்தால்தான் அதுவும் பலிக்கும். நேர் ஃப்ளூட் டேப்புக்கு உதவும் அந்த விரல்கள், சுருள் ஃப்ளூட் டேப்புக்குள் இறங்கவே மாட்டா.

அந்த நபர் ஈசி அவுட்டைத்தான் பயன்படுத்தினார். இரண்டு டிரில்களை முனை மழுங்கடித்துவிட்டு, டேப்பின் நடுவில் ஃப்ளூட்டுகள் சேரும் பள்ளத்திலேயே ஈசி அவுட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கித் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொல்லி, உறையைத் துணியில் சுற்றித் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆயிரம் ரூபாய் முன்பணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் உறையைத் திருப்பிக் கொண்டுவந்தார். “ஸ்பார்க் போட்டு எடுத்தாச்சுங்ணா, மரைக்கு ஒரு கீறல்கூட இல்லீங்க” என்று சொல்லி, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து என் கண் முன்னாலேயே கையால் திருகி இறக்கிக் காட்டினார். போல்ட் தலை வரை இறங்கியது. நானும் மகிழ்ந்து மீதி 1,800 ரூபாயைக் கொடுத்தேன். கொடுத்த ரசீதில் ‘ஸ்பார்க் எரோஷன் கட்டணம்’ என்று எழுதியிருந்தார். ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரியும் இல்லை. அவர் திருகிக் காட்டிய போல்ட் என்னுடையதன்று, நீளம் குறைந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. வேலையை முடித்து அனுப்பும் அவசரத்தில் இருந்தேன்.

உறை வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே பொருத்துபவர் மூடியை வைத்துப் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரில்) இறுக்கியிருக்கிறார். 8.8 தர எம் 8 போல்ட்டுக்கு வழக்கமாக ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குவார்கள். மற்றப் பதினொன்றும் நின்றன. இந்த ஒன்று, முழுதாக இறங்காமல் பாதியில் தட்டி நின்று, மேலும் இறுக்கியபோது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் மரைப் பற்களில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. எஃகுத் தூள் கலந்த எபாக்சிப் பசை!

உறையைத் திருப்பி வாங்கி, உண்மையிலேயே ஸ்பார்க் இயந்திரம் வைத்திருக்கும் வேறொரு பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அந்தப் பட்டறைக்காரர் பசையைச் சுரண்டி எடுத்துக் காட்டியபோது நடந்தது விளங்கியது. டேப்பின் மேல்பகுதி கிரைண்டரால் கொஞ்சம் தேய்க்கப்பட்டிருந்தது; பக்கத்து வார்ப்பிரும்பு கோணலாகத் தோண்டப்பட்டு, வாய்ப்பகுதி கிட்டத்தட்ட 10 மி.மீ. அகலமாகியிருந்தது, கீழே டேப் துண்டு அப்படியே இருந்தது, அதற்குள் ஈசி அவுட்டின் முனையும் உடைந்து சிக்கியிருந்தது. எனக்குக் கேட்ட ‘டக்’ அதுதான். இவற்றின் மேல் பசையை அடைத்து, காய்ந்த பிறகு அதில் எம் 8 மரை போட்டிருக்கிறார். எடுக்க முடியவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தால் எனக்கு வருத்தம் மட்டுமே இருந்திருக்கும். ஒருவருடைய இயந்திரம் நிற்க வேண்டிய இடத்தில் பசையை அடைத்துவிட்டு அதற்குக் கூலியும் வாங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஸ்பார்க் முறை எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் அருகில் நின்று பார்த்தேன். மரையைத் தொடாத அளவுக்கு மெல்லிய பித்தளைக் குழாயை மின்முனையாக வைத்து, அதன் வழியே திரவத்தைப் பாய்ச்சி, டேப்பின் நடுத்தண்டை மட்டும் பொறிப்பொறியாக அரித்து எடுக்கிறார்கள். நடுத்தண்டு போனதும் பற்கள் தனித்தனித் துண்டுகளாகக் கழன்று விழுகின்றன. உலோகம் எவ்வளவு கடினமாக இருந்தாலும் இந்த முறைக்கு ஒன்றுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் ஆகிய மூவர் இந்த முறையில் ஓர் இயந்திரத்தை உருவாக்கியதே அலுமினிய வார்ப்புகளில் உடைந்த டேப்புகளையும் டிரில்களையும் எடுப்பதற்காகத்தான். டேப்பும் ஈசி அவுட் முனையும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டன. கூலி 900 ரூபாய். முதலிலேயே அங்கே போயிருந்தால் மரையும் தப்பியிருக்கும். இப்போது ஓட்டை அகன்றுபோனதால், 8.3 மி.மீ. அளவுள்ள துளை கேட்கும் ஹெலிகாயிலை (பழுதான மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச் சுருளை) போட வழியில்லை. வெளியே எம் 12, உள்ளே எம் 8 மரை கொண்ட புஷ் ஒன்றை வைத்துத் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் சுவர் மெல்லியது என்று வாடிக்கையாளர் மறுத்துவிட்டார். உறையின் விலை 11,500 ரூபாய் என் பில்லில் கழிக்கப்பட்டது.

ஆகவே இந்த வேலைக்கு வருபவர் ஸ்பார்க் என்று சொன்னால், இயந்திரத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள். முடிந்தால் உடன் இருங்கள். வேலை முடிந்ததும் அவருடைய போல்ட்டை நம்பாமல் உங்கள் போல்ட்டையே திருகிப் பாருங்கள். அதற்கும் முன்பாக வெர்னியரின் பின்முனைக் கம்பியை ஓட்டைக்குள் விட்டு ஆழத்தை அளந்து, பக்கத்து ஓட்டையோடு ஒப்பிட்டால் பத்து விநாடியில் பொய் வெளிப்படும். என் உறையில் 22 இருக்க வேண்டிய இடத்தில் 10 மி.மீ.கூட இருந்திருக்காது. மரையின் முதல் சுற்றில் கூர்முனைக் கம்பியால் அழுத்திக் கீறிப் பாருங்கள். பசையாக இருந்தால் முனை உள்ளே பதியும். எடுத்த டேப்பின் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். உண்மையில் எடுத்தவரிடம் அவை இருக்கும்.

என்னை ஏமாற்றியவருடைய எண் இப்போது என் அழைப்பை ஏற்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கத் தாள்களைத் தயார் செய்து வருகிறேன். முகவரியில்லாத ரசீதுதான் அதில் பெரிய தடை.

சத்தி சாலை, கணபதி, சரவணம்பட்டிப் பகுதிகளில் அண்மையில் இத்தகைய வேலையை யாரிடமாவது கொடுத்து வாங்கியவர்கள், அந்தப் பாகம் இன்னும் உங்கள் பட்டறையில் இருந்தால், வெளியே அனுப்புவதற்கு முன் ஓட்டையின் ஆழத்தை அளந்துவிடுங்கள். அனுப்பியிருந்தால், கூச்சப்படாமல் வாடிக்கையாளரை அழைத்து எந்த ஓட்டை என்று சொல்லிவிடுங்கள். தூக்கு வளையமோ மோட்டார் காலோ அந்த மரையில் நின்றுகொண்டிருக்கக்கூடும்.