பனிக்காலத்தில் வேன் பயணம்: வெட்டவெளியா, முகாமா, முன்பின் தெரியாதவர் வீடா?

ஒரு பனிக்காலத்தில் ஏழு வாரம் நானும் கணவரும் வேனிலேயே சுற்றினோம். புறப்படும் முன் எங்களுக்குள் இருந்த ஒரே வழக்கு, இரவை எங்கே கழிப்பது என்பதுதான். அவர் வெட்டவெளிக் கட்சி. நான் மின்சாரம் தரும் கட்டண முகாம் கட்சி. முகம் தெரியாத யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பதை இருவருமே வேறு வழியில்லாத நாளுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தோம். திரும்பி வந்து எண்ணிப் பார்த்தால், பல இரவுகள் அப்படித்தான் கழிந்திருந்தன.

தெரிந்த சங்கதிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வெட்டவெளிக்குச் செலவு கிடையாது. விடியற்காலையில் கதவைத் திறந்தால் கிடைக்கும் காட்சிக்கு ஈடும் கிடையாது. ஆனால் எல்லா இடத்திலும் இரவு தங்கவிட மாட்டார்கள். முகாமில் குளியல், கழிப்பறை, மின்சாரம் எல்லாம் உண்டு. பனிக்காலத்தில் பாதி முகாம்கள் மூடிக் கிடக்கும். வீட்டுக்காரர்களிடம் தங்கினால் பணம் மிச்சம், நேரம் செலவு.

குளிருக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு பெரிய வில்லன் அல்ல. எங்களிடம் இருந்தது 2 கிலோவாட் டீசல் ஹீட்டர். மணிக்குக் கால் லிட்டருக்கும் குறைவாகவே குடிக்கும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே விடும். மைனஸ் 14 டிகிரி இரவிலும் உள்ளே சட்டையோடு உட்கார்ந்து சீட்டாடினோம். சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய மட்டும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, எச்சரிக்காமல் ஆளை முடித்துவிடும்.

எங்களைத் தோற்கடித்தது ஈரம்.

ஒரு சின்னக் கணக்கு. தூங்கும் இருவர் மூச்சிலும் தோலிலுமாக எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ அரை லிட்டர் நீரை வெளியேற்றுகிறார்கள். எங்கள் வேனுக்குள் இருந்தது பத்து கன மீட்டர் காற்று. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். ஆக மொத்தம் 170 கிராம். மீதி எங்கே போகும்? கண்ணாடியில், கதவின் இரும்பில், திருகாணித் தலைகளில், மெத்தைக்கு அடியில். இத்துடன் சமையல் வேறு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீர் பிறக்கிறது. போதாததற்குப் பனியில் நனைந்த கோட்டு, கையுறை, பூட்ஸ்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, ஹீட்டர் ஓடும்போதே கூரைத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்துவைப்பது. சரியான மருந்துதான். மைனஸ் 10 டிகிரிக் காற்றில் கன மீட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம் ஈரம்தான் இருக்கும். அது உள்ளே வந்து சூடாகும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். நாங்களும் திறந்துதான் வைத்தோம். ஒன்பதாம் நாள் காலை மெத்தையைத் தூக்கினேன். அடிப்பக்கம் சில்லென்று ஒட்டியது. கால்மாட்டில், சுவரை ஒட்டிய மூலையில், மிளகைத் தூவியது போலக் கருப்புப் புள்ளிகள். பூசணம். கணவர் மோந்து பார்த்துவிட்டு, “இது பழைய வாசனைதானே?” என்றார். இல்லை.

அன்று மாலையே மின்சார முகாம் ஒன்றைத் தேடிப் போனோம். என் கட்சி வென்றது என்று உள்ளூர மகிழ்ச்சி. மின்சார ஹீட்டர் ஈரத்தைக் கூட்டாது, இரவெல்லாம் ஓடும். ஆனால் அங்கே தந்தது 6 ஆம்பியர் இணைப்பு. 230 வோல்ட்டில் 1,400 வாட்டைக்கூட எட்டாது. ஹீட்டரோடு கெட்டிலையும் போட்டால் இணைப்பு துண்டித்துக்கொள்ளும். அதையாவது சமாளித்துக்கொள்ளலாம். நாங்களும் உள்ளேயே படுத்திருக்கிறோமே! ஒரு பக்கம் ஹீட்டர் உலர்த்துகிறது, மறுபக்கம் நாங்கள் இருவரும் மூச்சுவிட்டு நனைக்கிறோம். இரண்டு இரவு தங்கியும் மெத்தை முக்கால்வாசிதான் காய்ந்தது.

விடை தற்செயலாகக் கிடைத்தது. தனியாக வாழும் ஒரு மூதாட்டி, வாசலில் வேனை நிறுத்திக்கொள்ள அனுமதித்தவர், எங்கள் ரஜாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குள்ளேயே படுக்கச் சொன்னார். வேனுக்குள் அவருடைய பழைய எண்ணெய் ரேடியேட்டரைக் குறைந்த சூட்டில் வைத்து, மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து, கூரைத் துவாரத்தைத் திறந்துவிட்டு வந்தோம். மறுநாள் மாலைக்குள் வேன் எலும்புவரை காய்ந்திருந்தது. ஆளில்லாத வேன்தான் உலரும்! ஒன்பது நாள் இருவருக்கும் இது உறைக்கவே இல்லை. தண்ணீர்க் குழாய் உறையாமல் தப்பியது உபரி லாபம்.

எங்கள் பூட்ஸுக்குள் அவர் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தார். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கூடத்தில் விளக்கு எரிந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, நனைந்த தாளை உருவிவிட்டுப் புதுத்தாளைத் திணித்துக்கொண்டிருந்தார். “ஒரே தாளை விட்டால் அதுவே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், போய்ப் படுங்கள்” என்றார்.

அதன் பிறகு எங்கள் முறை இப்படி ஆகிவிட்டது: இரண்டு இரவு வெளியே, மூன்றாவது இரவு ஒரு வீடு. இதில் சில ஜாக்கிரதைகள் உண்டு. சுருளாக இருக்கும் எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் பிரித்துவிட வேண்டும். சுருட்டியபடி மின்சுமை ஏற்றினால் சூடாகி உருகும். ஆளில்லாத இடத்தில் விசிறி ஹீட்டர் வேண்டாம், எண்ணெய் ரேடியேட்டர்தான். வீட்டுக்காரரிடம் மின்சாரத்தைப் பற்றி முன்பே பேசிவிடுங்கள்: 500 வாட் பத்து மணி நேரம் ஓடினால் ஐந்து யூனிட். ஒரு வீட்டில் நாங்கள் கேட்காமல் கெட்டிலைப் போட்டு மொத்த வீட்டையும் இருட்டாக்கினோம். அவர் டார்ச்சோடு படியிறங்கிப் போன அந்த நாலு நிமிடம் இன்னும் கூசுகிறது.

முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்கும் இந்த ஏற்பாடு புதிதொன்றும் இல்லை. பயணிகளையும் வீட்டுக்காரர்களையும் இணைத்துவைக்கும் செர்வாஸ் அமைப்பு 1949 முதல் இருக்கிறது. நேர்காணல், அறிமுகக் கடிதம், வழக்கமாக இரண்டு இரவு என்று அதற்கொரு ஒழுங்கு. இதே வேலையைச் செய்யும் இணையதளங்களில், 2004இல் வந்த கவுச்சர்ஃபிங் பின்னாளில் உறுப்பினர் கட்டணம் கேட்கத் தொடங்கியது. தொண்டர்கள் நடத்தும் பீவெல்கம் இலவசம். எதுவானாலும் பழைய விருந்தினர்கள் எழுதிய மதிப்புரைகளை வரிவிடாமல் படித்துவிட்டுத்தான் செய்தி அனுப்பினோம்.

குறை இல்லாமல் இல்லை. நாளெல்லாம் வண்டி ஓட்டிக் களைத்த பிறகு ஒரு புதிய மனிதரிடம் உங்கள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பதினோராவது முறை சொல்லும்போது என் குரலே எனக்கு அலுத்துவிட்டது. ஒரு வீட்டில் இரவு ஒன்றரை மணிவரை எங்களைத் தூங்கவிடாமல் ஒருவர் தன் சகோதரர்மீது உள்ள வழக்கை விவரித்தார். தம்பதிக்கு இன்னொரு சங்கடம்: அடுத்தவர் வீட்டில் சண்டை போட முடியாது. நாங்கள் மூன்று நாள் சண்டையைச் சேர்த்துவைத்து, வேன் கிளம்பி முதல் திருப்பம் தாண்டியதும் ஆரம்பித்திருக்கிறோம்.

மைனஸ் 14க்குக் கீழே நாங்கள் படுத்ததில்லை. அங்கே டீசலே மெழுகுபோல் கெட்டிப்படும் சிக்கல் சேர்ந்துகொள்ளும், என் கணக்கு அப்படியே செல்லாது. எங்கள் பேட்டரி பழைய ஈய வகை. லித்தியம் வைத்திருப்பவர்கள் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால், வேனைச் சூடாக வைக்க அவர்களுக்குக் கூடுதல் காரணம் உண்டு. ஒரு வாரத்துக்குள் முடியும் பயணம் என்றால் கணவர் கட்சியில் சேர்ந்து வெட்டவெளியிலேயே இருந்துவிடலாம். ஒன்பதாம் நாள் வருவதற்குள் வீடு திரும்பிவிடுவீர்கள்.

அடுத்த பனிக்காலத்துக்கு இப்போதே செய்திகள் அனுப்பத் தொடங்கிவிட்டோம். முன்பு எங்களைப் பற்றி நீளமாக எழுதுவோம். இப்போது முதல் வரியிலேயே விஷயம் வந்துவிடுகிறது: வேன் ஆறு மீட்டர் நீளம், ஆட்கள் இருவர், இரவுகள் இரண்டு, ரஜாய் இரண்டு, காயப்போடக் கொடி இருக்கிறதா?