முன்சில்லின் கிறீச்சொலி: ஆறு வருடப் பாவனைக்குப் பின்

என்னோடு கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் சென்ற கிழமை, "சேர், உங்கட மோட்டார் சைக்கிள் போல ஒன்று விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமா?" என்று கேட்டார். 2019 இல் புதிதாக வாங்கி ஆறு வருடம் ஓட்டியவன் என்ற முறையில் உடனே "ஓம்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்புதான் முன்சில்லைக் கழற்றிப் பூட்டியிருந்தேன், கோபம் தணியவில்லை.

குறை சொல்வதற்கு முன் நியாயத்தைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் உள்ள வீட்டிலிருந்து குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் பலகைத் தள மிதவை) ஏறி, மேற்குக் கரையான படுவான்கரையில் மண்டூரில் இறங்கி, அங்கிருந்து கிரவல் வீதிகளில் பாடசாலைக்குப் போய்வர நாளுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஓடுகிறேன். லீற்றருக்கு 60 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடும் இந்த மோட்டார் சைக்கிள், 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டு முறையில் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் மட்டுமே கிடைத்த நாட்களிலும் என்னை ஒரு நாளும் பிந்தவிடவில்லை. இயந்திரத்தில் இன்றுவரை கை வைக்கவில்லை.

ஒலி தொடங்கியது சென்ற மாரிக்குப் பிறகு. வெள்ளம் வீதியை மூடி நின்ற நாட்களில் சில்லின் நடுப்பகுதி நீரில் அமிழும்படி ஓட்டியிருந்தேன். முதலில் போன கராஜில் பிரேக் லைனர் என்றார்கள், மாற்றினேன். அடுத்த கராஜில் பெயரிங் என்றார்கள், சில்லின் இரண்டு பெயரிங்கையும் மாற்றினேன். ஒலி அப்படியே இருந்தது. இரண்டு இடத்திலும் எவரும் ஓட்டிப் பார்க்கவுமில்லை, காதுகொடுத்துக் கேட்கவுமில்லை.

விடை பாதையில் கிடைத்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பலகைமேல் தள்ளிக்கொண்டு போகையில், மூன்று காலடி வைக்க ஒருமுறை 'கிறீச்' என்று கேட்டது. அந்தச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீற்றர் போகும். ஆகவே அது சுற்றுக்கு ஒருமுறை எழும் ஒலி. முன் பிரேக்கை மெல்லப் பிடித்தபடி தள்ளினேன், கூடவுமில்லை, குறையவுமில்லை. லைனர் உரசுவதாக இருந்தால் பிடிக்கும்போது ஒலி மாறியிருக்கும்.

வீட்டில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கம் பாரம் வைத்து முன்சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தேன், ஆட்டமில்லை. பெயரிங் பழுதானால் பெரும்பாலும் உறுமும். சில்லைக் கையால் சுற்றும்போது மணல் அரைபடுவது போல விரலுக்குத் தெரியும். அதுவுமில்லை. வேகம் காட்டும் மீற்றரின் கேபிளைக் கழற்றிவிட்டுச் சுற்றியபோதும் ஒலி கேட்டது. எஞ்சியது பிரேக் தட்டுக்குள் இருந்து அந்தக் கேபிளைச் சுழற்றும் மீற்றர் பல்சக்கரம் ஒன்றுதான். திறந்து பார்த்தால், கிறீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கிரவல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பல்லிடுக்கில் நகத்தால் சுரண்டியபோது செந்தூளாக உதிர்ந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கொஞ்சமாகக் கிறீஸ் பூசிப் பூட்டினேன். (கிறீஸ் லைனரில் பட்டால் பிரேக் பிடிக்காது; இதில் மிகுந்த கவனம் வேண்டும்.) ஒலி நின்றது. லைனரை மாற்றியவரும் பெயரிங்கை மாற்றியவரும் இதே தட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தவர்கள் என்பதை நினைக்க மனம் ஆறவில்லை.

பழி கராஜ்களுக்கு மட்டும் உரியதல்ல. அந்தச் சிறு பல்சக்கரத்தைக் காக்க வேண்டிய சீல், வெள்ளநீரைத் தடுக்கும் அளவுக்கு உறுதியாக இல்லை. காபட் போட்ட தார் வீதியில் மட்டும் ஓடுபவருக்கு இது தெரியவே வராது. படுவான்கரையில் ஓடுபவரோ மாரி முடியும்தோறும் முன்சில்லைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். என்னுடையதை விற்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனாலும் அந்த இளம் ஆசிரியரும் நாளும் என்னோடு அதே பாதையில்தான் ஏறுகிறார். எடுக்க வேண்டாம் என்றே சொன்னேன்.